சொல்லாமல் விட்டாலும் பொய்தான்

கேள்வி: கனடா விசா ஒருமுறை மறுக்கப்பட்டதை அடுத்த விண்ணப்பத்தில் சொல்ல வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவில் பொய்யையும் முக்கியத் தகவலை மறைப்பதையும் ஒரே தட்டில் வைக்கிறது. அகப்பட்டால் ஐந்தாண்டுத் தடை. 2014 வரை இது இரண்டாண்டாக இருந்தது.

ஏஜென்ட் மீது பழிபோட்டுத் தப்புவதும் எளிதல்ல. 2023-இல் பஞ்சாப் மாணவர்கள் பலருக்கு நேர்ந்த கொடுமையே சாட்சி. ஏஜென்ட் தந்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலி என்பது, படித்து முடித்து நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் சிலருக்குத் தெரிந்தது. நாடு கடத்தும் நடவடிக்கை பாய்ந்தது. மாணவர்கள் வீதியில் அமர்ந்து போராடினார்கள். பிறகு ஒவ்வொரு வழக்கையும் தனியாக விசாரித்து, உண்மையாகவே ஏமாந்தவர்களை அரசு தங்க அனுமதித்தது. ஏஜென்டுக்கு 2024-இல் வான்கூவர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. அந்தப் பிள்ளைகள் பட்ட வேதனைக்கு அது ஈடாகுமா?

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. குடியேறும்போது பிள்ளையின் பெயரைக் குறிப்பிடாதவர், பின்னாளில் அந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்து அழைக்க முடியாமல் போகலாம்.

மறுப்பு வந்திருந்தால் ஆண்டு, காரணத்துடன் எழுதிவிடுங்கள். முன்பு மறுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் விசா மறுபடி மறுக்கப்படுவதில்லை. ஏஜென்ட் நிரப்பிய படிவத்தை நீங்களே ஒருமுறை முழுதாகப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.