காணாப் பகை

போர்க்கப்பலின் பெரும் பீரங்கிகள் தடித்த எஃகுக் கூண்டினுள் அமைந்திருக்கும். பகைவர் குண்டு உட்புகாவண்ணம் காப்பது அக்கூண்டு. ஆயின், உள்ளே எழும் நச்சுக்காற்றையும் அஃது எளிதில் வெளியே விடாது. அதனால் வீரர்க்கு நேரும் இடரை ஈண்டுக் காண்போம்.

வெடிமருந்து எரியுங்கால் பல வாயுக்கள் தோன்றும். அவற்றுள் கொடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், உயிர்வளியைக் காட்டிலும் இந்நச்சினை 200 மடங்கிற்கு மேல் இறுகப் பற்றும். எனவே, மூச்சு இயங்கும்போதே உடல் உயிர்வளியின்றி வாடும். முதலில் தலை வலிக்கும், பின்னர் மயக்கம் வரும், கால்கள் தளரும், தப்பவேண்டும் என்னும் அறிவும் மங்கும்.

இவ்வாயு எரியும் தன்மையும் உடையது. குண்டு சென்றபின் குழலின் பின்வாயைத் திறந்தால், உள்ளே எஞ்சிய வெப்ப வாயு காற்றொடு கலந்து தீப்பற்றிக் கூண்டினுள் பாய்தலும் உண்டு. 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், அமெரிக்க நாட்டு மிசௌரி என்னும் போர்க்கப்பல் குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது இவ்வாறே நிகழ்ந்தது. பின்பாய்ந்த தழல் அடுத்து இடுதற்குரிய வெடிமருந்தைப் பற்றியது. பெருவெடி எழவில்லை, ஆயினும், மருந்து விரைந்து எரிந்தமையால் 36 பேர் மூச்சுத் திணறி மாண்டனர்.

அவ்வேளையில் மான்ஸ் மான்சென் என்னும் பீரங்கி வீரர், எரிந்துகொண்டிருந்த வெடிமருந்து அறைக்குள் சிறு துளைவழியே நுழைந்தார். நீர்க்குழாய் வந்து சேருமளவும் தம் கைகளாலேயே நீரை வாரி இறைத்தார். அவர்க்கு அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் வழங்கப்பெற்றது.

இவ்விடரைத் தடுக்க ஒரு முறை கண்டனர். பின்வாய் திறந்தவுடன் அழுத்திய காற்று குழலினுள் பாய்ந்து, எஞ்சிய வாயுவை முன்வாய் வழியே வெளித்தள்ளும். ஒருவர் குழலினுள் நோக்கி, ‘குழல் தெளிந்தது’ என்று உரக்கக் கூறிய பின்னரே அடுத்த குண்டை இடுவர். எத்துணை விரைவு வேண்டினும் அச்சொல்லுக்குக் காத்திருத்தல் கடமையாகும். இம்முறை வந்தபின்னும், 1924-இல் மிசிசிப்பி என்னும் கப்பலின் கூண்டில் நேர்ந்த விபத்தில் 48 பேர் மாண்டனர். கருவி ஒன்றையே நம்பியிருத்தல் ஆகாது என்பதை இது காட்டும்.

இக்காலத்துப் பல கப்பல்களில் பீரங்கிக் கூண்டினுள் ஆள் இருப்பதில்லை. எனினும், அந்நச்சு நம்மை விட்டு அகன்றிலது. அடைத்த அறையில் கரியடுப்பு எரியும்போதும், கதவு மூடிய கொட்டகையில் எஞ்சின் ஓடும்போதும் அதுவே எழும்.

மாணவர்களே! கண்ணும் மூக்கும் காட்டாத பகையை அறிவு ஒன்றே காட்டும். ஆதலின், அடுப்பை மூட்டுமுன் சாளரத்தைத் திறத்தல் வேண்டும். சிறு செயலாயினும் அஃது உயிர் காக்கும்.