பிரஷர் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் மோதிக்கொள்ளுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். அது கால்சியத்தைத் தடுக்கிற மருந்தாமே? எலும்புத் தேய்மானத்துக்கு இன்னொரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார். ஒன்று கொடுப்பதை மற்றது பிடுங்கிவிடாதா? சாயங்காலமானால் கணுக்கால் வேறு வீங்குகிறது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பிடுங்காதம்மா. அம்லோடிபின் உங்கள் எலும்புப் பக்கமே போவதில்லை. அது வேலை செய்கிற இடம் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசைச் செல்களின் மேல்சவ்வு.

அந்தச் செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் அயனிகள் சுமார் 10,000 மடங்கு அதிகம். சவ்வில் உள்ள மதகு திறந்தால் போதும், கால்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும், குழாய் குறுகிப் பிரஷர் ஏறும். அம்லோடிபின் அந்த மதகில் ஒட்டிக்கொண்டு வரத்தைக் குறைக்கிறது. குழாய் தளர்கிறது.

அப்படியானால் கை கால் தசை பலவீனமாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. கை கால் தசைச் செல்கள் சுருங்கத் தேவையான கால்சியத்தைத் தங்களுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கின்றன. இதயத் தசை அப்படியல்ல, அதற்கு வெளியிலிருந்தும் வந்தாக வேண்டும். லண்டனில் சிட்னி ரிங்கர் 1883-லேயே தவளை இதயத்தை வைத்து இதைக் காட்டிவிட்டார். அதனால்தான் இதே வகையைச் சேர்ந்த வெராபமில், டில்டியாசெம் இரண்டும் நாடித்துடிப்பைக் குறைக்கின்றன. அம்லோடிபினின் பிடி பெரும்பாலும் ரத்தக்குழாயில்தான்.

நீங்கள் விழுங்கும் கால்சியத்தால் ரத்தத்தின் கால்சியம் அளவு பெரிதாக மாறாது. பாராதைராய்டு சுரப்பி அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. எனவே பிரஷர் மருந்தின் வேலையும் கெடாது.

வீக்கத்துக்குக் காரணம் அநேகமாக அம்லோடிபின்தான். அது நுண்தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. இடையிலுள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. இதற்கு நீர் மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, மூச்சுத்திணறலோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிரஷர் மாத்திரை அட்டையில் குளோர்தாலிடோன் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைடு என்று சேர்த்துப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கால்சியம் மாத்திரையோடு சேர்ந்து ரத்தத்தில் கால்சியம் ஏற வாய்ப்புண்டு. இரண்டு டாக்டர்களிடமும் எல்லா அட்டைகளையும் காட்டிவிடுங்கள்.