பூமியுடன் இணைத்த மின்கம்பியின் நிறம்

மின்கம்பிக்கு நிறம் அழகுக்காக ஏற்பட்டதன்று. பெட்டியைத் திறப்பவனுக்கு எக்கம்பியால் ஆபத்து என்பதை முதலில் அறிவிப்பது அதுவேயாகும்.

பாட்டரியிலிருந்தும் சூரிய ஒளித் தகடுகளிலிருந்தும் வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது, இதனை டி.ஸி. என்பர். இதற்குத் தனமுனை, ருணமுனை என இரண்டுண்டு. பிளஸ், மைனஸ் குறிகள் இவற்றையே காட்டுவன. மோட்டார் வண்டியில் தனமுனைக்குச் சிவப்பும் ருணமுனைக்குக் கறுப்பும் கண்டு பழகியவர்கள், கறுப்புக் கம்பியைத் தொடுவதால் தீங்கில்லையென எண்ணிவிடுகின்றனர். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் இவ்வெண்ணத்தால் பெருங்கெடுதி நேர்வதில்லை. தகடுகளை வரிசையாகக் கோத்துப் பலநூறு வோல்ட் பெறுமிடத்திலோ அஃது உயிரைப் போக்கவல்லது.

இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1897-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் தேசீய மின்சார விதித்தொகுப்பு கூறும் முறை கவனிக்கத்தக்கது. இரு கம்பிகளுள் ஒன்று பூமியுடன் இணைக்கப்படுமாயின், அக்கம்பி வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருத்தல் வேண்டும். அது தனமா, ருணமா என்பதை விதி கேட்பதில்லை. ருணமுனையைப் பூமியில் இணைத்தால் ருணக்கம்பி வெள்ளை, எஞ்சிய தனக்கம்பி சிவப்பு. தனமுனையை இணைத்தாலோ தனக்கம்பியே வெள்ளையாகும். எஞ்சிய ருணக்கம்பி கறுப்பு. இவ்விரண்டாவது ஏற்பாட்டில் மனிதனைத் தாக்கும் கம்பி அந்தக் கறுப்புக் கம்பியே! அறுபது வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.ஸி. அமைப்புகளில், பூமியுடன் இணையாத கம்பிகளுக்குச் சிவப்பும் கறுப்பும் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டாயமாக இடம்பெற்றன. மிகப் பருத்த கம்பிகளுக்கு நுனிகளில் நிற நாடா சுற்றினாலும் போதும்.

தனமுனையைப் பூமியில் இணைப்பது விந்தையன்று. தொலைபேசி நிலையங்களின் 48 வோல்ட் பாட்டரிகளில் நெடுங்காலமாக அதுவே வழக்கம். ஈரம் புகுந்த இடத்தில் தனமுனையிலுள்ள செம்பே கரைந்து அரிக்கப்படும். ஆகையால் வெளியே செல்லும் கம்பிகளை ருணமாக வைத்துக் காக்கின்றனர். சூரியத் தகடுகளிலும் சிலவகைக்குத் தனமுனை இணைப்பு வேண்டியிருந்ததுண்டு.

பச்சைக் கம்பியும், உறையில்லாத வெறுங்கம்பியும் இரும்புப் பெட்டி, மோட்டார்க் கூடு முதலியவற்றைப் பூமியுடன் சேர்ப்பதற்கு மட்டுமே உரியவை. வெள்ளையும் பச்சையும் பூமியைச் சேர்வதால் இரண்டும் ஒன்றே எனக் கருதலாகாது. பச்சையில் பழுது நேர்ந்தாலன்றி மின்சாரம் ஓடாது. வெள்ளையிலோ வேலை நடக்கும்போதெல்லாம் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போது வெள்ளைக் கம்பியைத் திருகினின்றும் கழற்றினால், மோட்டாரின் வழியே வந்த அழுத்தம் முழுவதும் கழன்ற நுனியில் வந்து நிற்கும். அனுபவமுள்ள மிஸ்திரிகளும் ஏமாறுமிடம் இதுவே. ஸ்விச்சையோ பியூஸையோ வெள்ளைக் கம்பியில் மட்டும் அமைப்பதும் இத்தகைய தவறாம். மோட்டார் நின்றுவிடும், ஆனால் அதன் உட்கம்பிகளில் அழுத்தம் நீங்காது.

நிறங்கள் தேசத்துக்குத் தேசம் மாறுபடுவன. பிரிட்டனில் 2004-இல் திருத்திய விதிப்படி, பூமியுடன் இணைத்த டி.ஸி. கம்பி எம்முனையாயினும் நீலம். அங்கே தனமுனை இணைத்த அமைப்பில் தாக்கக்கூடிய ருணக்கம்பிக்குச் சாம்பல் நிறம். அமெரிக்காவிலோ சாம்பல் பூமிக்கம்பியின் அடையாளம்! ஒரே நிறத்துக்கு இவ்வாறு நேர்மாறான பொருள் இருப்பதால், பிறநாட்டு யந்திரத்தைப் பூட்டுவோர் அதனுடன் வந்த படத்தைப் பார்த்தல் அவசியம்.

படத்தைப் பார்த்த பிறகும் மீட்டர் கொண்டு சோதித்தல் வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பூமிக்கம்பத்திலும் மற்றொன்றைக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் வைத்தால், பூமியுடன் இணைத்ததில் முள் ஏறக்குறைய அசையாது. மற்றதில் முழு வோல்ட் காட்டும். இரண்டிலும் முள் ஏறுமாயின், இணைப்பு இல்லை அல்லது அறுந்துவிட்டதென ஐயுறல் வேண்டும். அந்நிலையில் வெள்ளைக் கம்பியையும் தொடலாகாது.