எந்த நாட்டுச் சரக்கு?

வியட்நாமில் கப்பல் ஏறியதாலேயே ஒரு பொருள் வியட்நாம் பொருள் ஆகிவிடாது. இந்தியா–ஆசியான் வர்த்தக ஒப்பந்தச் சுங்கச் சலுகை வேண்டுமா? முழுக்க அங்கேயே விளைந்தது என்றால் சிக்கலில்லை. வெளிநாட்டு மூலப்பொருள் கலந்திருந்தால், பொது விதிப்படி ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீத மதிப்பு ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். அந்த மூலப்பொருளின் 6 இலக்கச் சுங்கக் குறியீட்டிலிருந்து சரக்கின் குறியீடும் மாறியிருக்க வேண்டும். வெறுமனே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டுவது கணக்கில் வராது.

எந்த நாட்டுப் பொருள் என்ற சான்றிதழ்தான் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2020 செப்டம்பர் 21 முதல், அந்த மதிப்பு எப்படிச் சேர்ந்தது என்ற விவரத்தையும் இறக்குமதியாளரே 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முன்பணம் அனுப்பும் முன்பே விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பணம் போனபின் பதில் மெதுவாகத்தான் வரும்.

கடையில் வாங்குபவர்களுக்கு: பார்கோடு 890 என்று தொடங்கினாலே இந்தியத் தயாரிப்பு என நம்ப வேண்டாம். எண்ணை ஒதுக்கியது இந்திய அமைப்பு, அவ்வளவுதான். உறையில் அச்சிட்ட நாட்டின் பெயரைப் பாருங்கள்.