செலுத்தி நிரலும் நினைவக வேண்டுகோளும்

கணினியின் உறுப்புகளுக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடைநின்று தொழிற்படும் நிரல் செலுத்தி எனப்படும். அது நினைவகம் வேண்டும்போது, எவ்வளவு வேண்டும் என்பதோடு எம்முறையில் வேண்டும் என்பதையும் கூறல் வேண்டும். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் முறைமையைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

லினக்ஸில் முறைகளுள் தலையாயது 'ஜீ.எஃப்.பீ. கேர்னல்' என்பது. வெற்றிடம் குறைந்துழி, இம்முறை வேண்டிய நிரலை உறங்கவைத்து, பழைய பக்கங்களை வட்டில் எழுதியேனும் இடந்தேடித் தரும். உறங்குதலாவது, இடங் கிடைக்கும்வரை செயலியைப் பிற பணிக்கு விட்டுக் காத்திருத்தல். 'ஜீ.எஃப்.பீ. அற்றொமிக்' என்பதோ காத்திராது. உள்ளதைத் தரும், இன்றேல் உடனே மறுக்கும்.

இவற்றுள் எதனைக் கொள்வது? "இவ்விடத்து உறங்கலாமா?" என்பதே வினா. பயனர் ஒருவரின் கட்டளையை நிறைவேற்றுங்கால் பெரும்பாலும் உறங்கலாம். வலையட்டை செய்தி வந்ததென்று குறுக்கிடுங்கால் உறங்கலாகாது. சுழற்பூட்டைப் பிடித்திருக்குங்காலும் ஆகாது. அப்பூட்டுக்காக ஏனைய செயலிகள் சுழன்றுகொண்டிருத்தலின், உறங்கினால் பொறி முழுவதும் உறைந்துபோகக் கூடும்.

அங்ஙனமாயின் எங்கும் அற்றொமிக்கையே வேண்டலாகாதோ எனின், ஆகாது. அது அவசரத்துக்கென வைத்த சேமிப்பிலும் கைவைப்பது. விதைநெல்லை நாள்தோறும் குற்றியுண்பார் விதைப்புக்காலத்தில் வெறுங்கையராவர்.

வட்டின் செலுத்திக்கு வேறோர் இடருண்டு. நினைவகம் விடுவிக்க முறைமை பக்கங்களை வட்டுக்கு அனுப்புகின்றது. அதனை எழுதவேண்டிய செலுத்தியே கேர்னல் முறையில் இடங்கேட்பின், தன் வேலை முடியுமெனத் தானே காத்திருக்க நேரும். இதனைத் தவிர்க்கவே 'ஜீ.எஃப்.பீ. நோ ஐஓ' முறை அமைந்தது. அது உறங்கினும் வட்டுவேலையைத் தொடங்காது.

இப்பிழைகள் நினைவகம் நிறைந்துள்ள சோதனைக்கூடத்தில் வெளிப்படா. பளு மிகுந்த நாளிலேயே வெளிப்படும். ஆதலின், உறங்கலாகாவிடத்து உறங்கக்கூடிய வேண்டுகோளைக் கண்டு எச்சரிக்கும் சோதனை வசதியை, நிரல் எழுதுங்காலத்தே இயக்குதல் நன்று. எம்முறையாயினும் மறுப்பு வந்ததா எனப் பார்த்தல் கடன்.

யாவற்றினும் சிறந்தது, பூட்டைப் பிடிக்குமுன் வேண்டிய இடத்தைக் கேர்னல் முறையிற் பெற்றுவைத்தல். முன்னரே தேடிவைத்தவனுக்கு அவசரத்தில் இரக்க வேண்டுவதில்லை என்பதை இத்துறை பயிலும் மாணவர் உளங்கொள்வாராக.