டிராக்டர் ஓட்ட வந்த தம்பிகளுக்கு: டீசல் வாங்குவதும் வைப்பதும்

1. விலை ஏறப்போகிறது என்று யாராவது சொன்னதும் பேரலை நிரப்பாதே, தம்பி. உன் வேலை எப்போது குவியும் என்று பார். நம் சாலவாக்கம் பக்கம் ஏரி மடை திறந்தால் எல்லாக் கழனிக்கும் ஒரே சமயத்தில் சேடை ஓட்டியாக வேண்டும். ரோட்டாவேட்டர் மாட்டினால் வண்டி மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். அந்த நாட்களுக்கு ஒரு பேரல் கையில் இருப்பது நியாயம். அதற்கு மேல் வைத்தால் பணம்தான் முடங்கும்.

2. கணக்குப் போட்டுப் பார். லிட்டர் 92 ரூபாய் என்றால் 200 லிட்டர் பேரலுக்கு 18,400. இரண்டு வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் மாதம் 368 ரூபாய் வட்டி. லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் உனக்கு மிச்சம் 200தான்.

3. தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை 2017 ஜூன் 16இல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் விலை மாதக்கணக்கில் அசையாமல் நின்று, திடீரென்று மாறுவதைத்தான் பார்க்கிறோம். 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று, ஒன்றிய அரசு டீசல் மீதான கலால் வரியில் 10 ரூபாய் குறைத்தது. முந்தின நாள் பேரல் நிரப்பியவர்களுக்கு விடிவதற்குள் 2,000 ரூபாய் போயிற்று. அடுத்த மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை சென்னையில் 9 ரூபாய்க்கு மேல் ஏறியது. மே 22இல் மறுபடி வரி 6 ரூபாய் குறைந்தது. பிறகு 2024 மார்ச் வரை விலை ஏறக்குறைய அப்படியே நின்றது. கச்சா எண்ணெய் மட்டும் உலகச் சந்தையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இதை யாரால் ஊகிக்க முடியும்?

4. தட்டுப்பாடு வேறு சங்கதி. 2022இல் இலங்கையில் கையில் காசு இருந்தவர்களும் பங்க் வாசலில் நாள்கணக்கில் நின்றார்கள். அப்படி ஒரு காலம் வந்தாலும் உன் அறுவடைக்கு வேண்டியதை மட்டும் எடு. பக்கத்துக் கழனிக்காரரும் அறுத்தாக வேண்டும்.

5. வைக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் கெட்டுப்போகிறார்கள். டீசலுக்குப் பகை தண்ணீர். அரைகுறையாக நிரம்பிய பேரலில் காலி இடத்து ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராக அடியில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் அதிகம். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் பெருகி, கறுப்பாக வழுவழுவென்று படியும். அது ஃபில்டரை அடைக்கும், பம்பையும் நாசிலையும் கெடுக்கும். அந்தச் செலவுக்கு முன்னால் லிட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் ஒன்றுமேயில்லை. ஆகவே பேரலை நிழலில், மரக்கட்டை மேல் வை. மூடி இறுக்கமாக இருக்கட்டும். கைப்பம்புக் குழாய் அடியைத் தொடாமல் நாலு விரல் மேலே நிற்கட்டும். துத்தநாகம் பூசிய தகர டின்னும், பூச்சிமருந்து வந்த கேனும் ஆகவே ஆகாது. வாங்கியதை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடு. வண்டி டேங்கைச் சாயங்காலம் வேலை முடிந்ததும் நிரப்பு.

6. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசல் வைக்க உரிமம் வேண்டாம். பெட்ரோலுக்கு வரம்பு 30 லிட்டர்தான், அதுவும் விற்பதற்கு இல்லை. சட்டம் விட்டாலும், பிள்ளைகள் படுக்கிற வீட்டுக்குள் இரண்டையும் வைக்காதே.

7. விலை ஏற்றத்தை மணி வாடகையில் சரிக்கட்டு. பருவம் தொடங்கும் முன்பே கழனிக்காரரிடம் பேசிவிடு. மணிக்கு ஐந்து லிட்டர் என்றால், டீசல் 2 ரூபாய் ஏறினால் வாடகை 10 ரூபாய் கூடும். 2 ரூபாய் இறங்கினால் அவர் கேட்கும் முன்பே 10 ரூபாயைக் குறைத்துக்கொள்.