நமது நூலகம்: யாருடைய பணம்? யாருடைய பொறுப்பு?

வீட்டு வரி ரசீது உங்களிடம் இருக்கிறதா? அதை எடுத்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். மெதுவாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு இன்னொரு சிறு தொகையும் சேர்த்து வாங்கப்படுகிறது. அதன் பெயர் ‘நூலக வரி’. பலர் இதைக் கவனிப்பதில்லை. பணத்தைக் கட்டுவார்கள். ரசீதை மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சிறு தொகைக்குப் பெரிய பொருள் உண்டு. ஊரில் உள்ள நூலகம் யாரோ கொடுத்த தானம் அல்ல. அது நீங்கள் கட்டிய பணத்தில் நடக்கிறது. சொந்த வீடு இல்லாதவர்களும் இதில் சேர்த்திதான். வீட்டுக்காரர் கட்டும் வரி, குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையிலிருந்துதானே வருகிறது?

நூலகத்துக்கு வரி போடலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது? அந்தப் பணம் எங்கே போகிறது? நூலகத்தை யார் நடத்துகிறார்கள்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

படித்தது மறக்கக் கூடாது

நூறு ஆண்டுகளுக்கு முன் குஜராத் பகுதியில் பரோடா என்ற சமஸ்தானம் இருந்தது. அதை மூன்றாம் சாயாஜிராவ் என்ற மன்னர் ஆண்டார். எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வர வேண்டும் என்று அவர் சட்டம் போட்டார். 1906இல் அந்தச் சட்டம் சமஸ்தானம் முழுவதும் வந்தது.

பிறகு ஒரு கேள்வி எழுந்தது. பள்ளியை விட்ட பிறகு இவர்கள் எதைப் படிப்பார்கள்? படிக்க ஒன்றும் இல்லாவிட்டால் எழுத்து மறந்துபோகும். பள்ளிக்குச் செலவு செய்த பணமும் வீணாகும்.

மன்னர் அமெரிக்காவில் பொது நூலகங்களைப் பார்த்திருந்தார். 1910இல் அங்கிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். ஊர்தோறும் நூலகம் தொடங்கும் வேலை ஆரம்பித்தது.

பணத்துக்கு என்ன வழி? மன்னர் ஓர் ஏற்பாடு செய்தார். ஊர் மக்கள் ஒரு பங்கு போட வேண்டும். மாவட்டப் பஞ்சாயத்து அதே அளவு ஒரு பங்கு போடும். அரசும் அதே அளவு ஒரு பங்கு போடும். ஊர் மக்கள் 50 ரூபாய் சேர்த்தால் நூலகத்துக்கு 150 ரூபாய் கிடைக்கும்.

சின்னஞ்சிறு ஊர்களுக்கு மரப்பெட்டியில் புத்தகம் வைத்து அனுப்பினார்கள். ஒரு பெட்டியைப் படித்து முடித்ததும் அதைத் திருப்பி அனுப்பலாம். வேறு பெட்டி வரும்.

சட்டம் வந்தது

நல்ல மன்னர் இருந்தால் நூலகம் வரும். அவர் மனம் மாறினால்? அடுத்து வருபவருக்கு அக்கறை இல்லாவிட்டால்? நூலகம் ஒருவருடைய விருப்பத்தை நம்பி இருக்கக் கூடாது. அதற்குச் சட்டம் வேண்டும். இப்படிச் சொன்னவர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தார். கணித ஆசிரியராக வேலை பார்த்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவர் கொள்கை. ஆகஸ்டு 12ஆம் நாளை இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அது அவரை நினைவுகூரும் நாள்.

அவரும் அவருடைய நண்பர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம். சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் இதுதான். நூலக வரி இந்தச் சட்டத்தின்படிதான் வாங்கப்படுகிறது.

பிறகு மற்ற மாநிலங்களும் சட்டம் கொண்டு வந்தன. கர்நாடகத்தில் 1965இல் வந்தது. மகாராஷ்டிரத்தில் 1967இல் வந்தது. மேற்கு வங்கத்தில் 1979இல் வந்தது. கேரளத்தில் 1989இல் வந்தது. இன்னும் சில மாநிலங்களில் சட்டம் இல்லை. சட்டம் உள்ள எல்லா மாநிலங்களிலும் வரி இல்லை. மகாராஷ்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் நூலக வரி கிடையாது. அங்கே அரசு தன் நிதியிலிருந்து பணம் கொடுக்கிறது.

ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசா

தமிழ்நாட்டில் நூலக வரி எவ்வளவு? வீட்டு வரியில் ஒரு ரூபாய்க்கு 10 பைசா. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டுக்கு வீட்டு வரி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூலக வரி 20 ரூபாய் ஆகும். அந்த ஊரில் 600 வீடுகள். எல்லா வீட்டுக்கும் அதே வரி. அப்படியானால், 600 × 20 = 12,000 ரூபாய்.

ஒரு வீட்டுக்கு 20 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஊர் முழுவதும் சேர்ந்தால் 12,000 ரூபாய். சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுதான்.

இந்தப் பணத்தை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவை வசூலிக்கின்றன. ஆனால் அது அவர்களுடைய பணம் அல்ல. அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். ஆணைக்குழு அதை நூலக நிதியில் சேர்க்கும். நூலகச் செலவுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

12,000 ரூபாயில் ஓர் ஊர் நூலகத்தை ஓர் ஆண்டு நடத்த முடியுமா? முடியாது. செய்தித்தாளும் மின்சாரமும் கொஞ்சம் புத்தகமும் வாங்கலாம். நூலகர் சம்பளத்துக்குப் போதாது. அதனால்தான் பணத்தை மாவட்ட அளவில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். நகரத்தில் வரி அதிகம் கிடைக்கும். அதில் சிற்றூர் நூலகத்துக்கும் பங்கு உண்டு.

வேறு பணம் எங்கிருந்து வருகிறது?

வரிப் பணம் மட்டும் போதாது. இன்னும் சில வழிகள் உள்ளன.

1. மாநில அரசு: நமது அரசியல் சட்டப்படி நூலகம் மாநில அரசின் பொறுப்பு. மாநில அரசு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது.

2. மத்திய அரசு: ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை 1972இல் தொடங்கியது. இதன் தலைமை அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. இது மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. மாநிலங்களுக்குப் புத்தகம் வாங்கவும், அலமாரி செய்யவும், கட்டடம் கட்டவும் உதவுகிறது. பல திட்டங்களில் மாநிலம் தன் பங்கைப் போட வேண்டும். அப்போதுதான் அறக்கட்டளையின் பங்கு வரும். பரோடாவில் பார்த்த அதே பங்கு முறைதான்!

3. ஊராட்சி: 1992இல் அரசியல் சட்டத்தில் 73ஆவது திருத்தம் வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 பணிகள் அதில் எழுதப்பட்டுள்ளன. அவற்றில் நூலகமும் ஒன்று.

4. மக்கள்: இடம் கொடுப்பவர் உண்டு. நாற்காலி, மின்விசிறி வாங்கித் தருபவர் உண்டு. தமிழ்நாட்டில் நூலகத்துக்கு நன்கொடை கொடுத்துப் ‘புரவலர்’ ஆகலாம்.

நூலகத்தை நடத்துவது யார்?

தமிழ்நாட்டில் மேலே பொது நூலக இயக்ககம் இருக்கிறது. அதன் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் நூலக ஆணைக்குழு வேலை செய்கிறது. மாவட்ட நூலக அலுவலர் அன்றாட வேலைகளைக் கவனிக்கிறார். மாவட்டத் தலைநகரில் மைய நூலகம் இருக்கும். பெரிய ஊர்களில் கிளை நூலகம் இருக்கும். சிற்றூர்களில் ஊர்ப்புற நூலகமோ பகுதி நேர நூலகமோ இருக்கும்.

கேரளத்தின் வழி வேறு. அங்கே நூலகங்களை மக்களே தொடங்கினார்கள். பி.என்.பணிக்கர் என்ற ஆசிரியர் 1926இல் தம் ஊரான நீலம்பேரூரில் ஒரு நூலகம் தொடங்கினார். 1945இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். ஊர் ஊராக நடந்து போய் மக்களிடம் பேசினார். நூலகங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அங்கேயே முதியோருக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்தறிவுப் பணிக்காக அந்தச் சங்கத்துக்கு 1975இல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

பணிக்கர் 1995 ஜூன் 19இல் காலமானார். அந்த நாள் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றும் கேரளத்தில் பெரும்பாலான ஊர் நூலகங்களை உறுப்பினர்களே நடத்துகிறார்கள். நிர்வாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தாலுகாவிலும் மாவட்டத்திலும் மாநிலத்திலும் நூலக மன்றங்கள் உண்டு. அவற்றுக்கும் தேர்தல் நடக்கிறது. அங்கே கட்டட வரியில் ரூபாய்க்கு 5 பைசா நூலக வரி. கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் நூறில் ஒரு பங்காவது நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் சொல்கிறது.

பூட்டிக் கிடக்கும் நூலகம்

சட்டம் இருக்கிறது. வரி இருக்கிறது. ஆனாலும் சில ஊர்களில் நூலகம் பூட்டிக் கிடக்கிறது. ஏன்?

கட்டடம் கட்டுவது ஒரு தடவைச் செலவு. நூலகத்தைத் திறந்து வைப்பது தினமும் ஆகும் செலவு. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைத்துவிடும். நூலகர் சம்பளத்துக்கும் புதுப் புத்தகத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அது நின்றால் கதவும் மூடிவிடும். கிணறு வெட்டிவிட்டு வாளியும் கயிறும் வாங்காமல் விட்டால் தண்ணீர் எப்படிக் கிடைக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. சில இடங்களில் வசூலான நூலக வரி ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் போய்ச் சேருவதில்லை. வேறு செலவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். மக்கள் கட்டிவிட்டார்கள். நூலகத்துக்கு வரவில்லை.

மூன்றாவது காரணம் நம்மிடம் இருக்கிறது. ஆள் வராத நூலகத்துக்குப் பணம் கேட்டால் மேலிடத்தில் என்ன சொல்வார்கள்? “யாரும் வருவதில்லையே, எதற்குப் பணம்?” என்பார்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு கையெழுத்தும் அதற்குப் பதில்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் நூலகத்துக்குள் போக வேண்டும். சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அறிவொளியில் படித்த ஒரு பெண் முதல் முறையாக நூலகத்துக்குப் போனால் பேச்சு இப்படி இருக்கும்:

“சார், நான் இப்பதான் படிக்கக் கத்துக்கிட்டேன். உள்ளே வரலாமா?”

“தாராளமா வாங்கம்மா. உட்கார்ந்து படிக்கப் பணம் ஒண்ணும் வேண்டாம். நோட்டில் கையெழுத்து மட்டும் போடுங்க.”

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?”

“உறுப்பினர் ஆனால் எடுத்துட்டுப் போகலாம். கொஞ்சம் காப்புத்தொகை கட்டணும். விலகும்போது அதைத் திரும்ப வாங்கிக்கலாம்.”

“எனக்குப் பெரிய எழுத்துப் புத்தகம்தான் படிக்க வரும். அது இருக்குதா சார்?”

“கொஞ்சம்தான் இருக்கு. நீங்க எழுதிக் கொடுத்தா மேலே கேட்டு வாங்கலாம். யாரும் கேட்கிறதில்லை, அதனால வர்றதும் இல்லை.”

கடைசியாக நூலகர் சொன்னது முக்கியம். கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு வழிகள் உண்டு.

• வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதி நூலகரிடம் கொடுக்கலாம்.

• நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதில் சேரலாம். பெண்களும் சேர வேண்டும்.

• கிராம சபையில் கேள்வி கேட்கலாம். “நமது ஊரில் நூலக வரி எவ்வளவு வசூல் ஆனது? அது ஆணைக்குழுவுக்குப் போய்விட்டதா?”

• பதில் கிடைக்காவிட்டால் மனு எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அந்தச் சட்டத்தின்படி கணக்கைக் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்குரிய கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

உரிமை இருந்தால் பொறுப்பும் உண்டு. புத்தகத்தைக் கிழிக்கக் கூடாது. எடுத்த புத்தகத்தை உரிய நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு புத்தகம் வீட்டில் தங்கிவிட்டால் அடுத்தவர் அதைப் படிக்க முடியாது.

படிக்காத எழுத்து மறந்துபோகும். அதைக் காப்பாற்றத்தான் நூலகம். அதற்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்.

புதிய சொற்கள்

மானியம் – அரசு கொடுக்கும் உதவிப் பணம்
ஆணைக்குழு – ஒரு பணியை நடத்தச் சட்டப்படி அமைத்த குழு
காப்புத்தொகை – பாதுகாப்புக்காகக் கட்டித் திரும்பப் பெறும் பணம்
புரவலர் – பணம் கொடுத்து ஆதரிப்பவர்

பதில் சொல்லுங்கள்

1. பரோடாவில் நூலகத்துக்கு யார் யார் பங்கு போட்டார்கள்?
2. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் எந்த ஆண்டு வந்தது?
3. தமிழ்நாட்டில் வீட்டு வரி 350 ரூபாய் என்றால் நூலக வரி எவ்வளவு?
4. கட்டடம் இருந்தும் நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?

செய்து பாருங்கள்

நான்கு பேர் சேர்ந்து உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். அது எந்த நேரம் திறந்திருக்கும் என்று கேட்டு எழுதி வாருங்கள். உங்களுக்கு வேண்டிய மூன்று புத்தகங்களைப் பற்றி ஒரு தாளில் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு நூலகரிடம் கொடுங்கள்.